கத்தரி நடவும் வேர்முடிச்சு நூற்புழுவும்: தேதியை எப்படி முடிவு செய்வது

வேர்முடிச்சு நூற்புழு என்பது மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து, வேரை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அது கத்தரியை எவ்வளவு கெடுக்கும் என்பது பெரும்பாலும் நட்ட முதல் ஐந்தாறு வாரத்தில் முடிவாகிவிடும். வேர் பரவும் முன்பே புழு புகுந்தால் செடி கடைசிவரை தேறாது. வேர் நன்றாக இறங்கிய பிறகு வந்தால் ஓரளவு தாங்கிக் காய்க்கும்.

புழுவின் வேகத்தைத் தீர்மானிப்பது மண்ணின் வெப்பம். இந்தப் புழுவில் கத்தரியில் அதிகம் காணப்படும் இனமான மெலாய்டோகைனி இன்காக்னிட்டா 27 டிகிரி செல்சியஸ் அளவில் 25 முதல் 30 நாளில் ஒரு தலைமுறையை முடிக்கிறது. ஒரு பெண் புழு சில நூறு முட்டை இடும். ஐந்து மாதம் வயலில் நிற்கும் பயிரில் இது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மண் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் இளம்புழு வேருக்குள் நுழைவது வெகுவாகக் குறைந்துவிடும்.

அப்படியானால் குளிர்ந்த மண்ணில் நட்டுவிடலாமே என்றால், சிக்கல் அங்கேதான். 15 டிகிரிக்குக் கீழே கத்தரியும் வளராமல் முடங்கும். குளிர்காலம் உள்ள இடங்களில் பயன்படும் இடைவெளி மிகக் குறுகியது: காலையில் 15 செ.மீ. ஆழத்தில் மண்வெப்பமானி 16, 17 காட்டும் சில வாரங்கள். இதனால் புழு அழியாது, தாக்குதல் தள்ளிப்போகும், அவ்வளவுதான். குளிரிலும் இயங்கும் மெலாய்டோகைனி ஹாப்லா இனம் இருந்தால் அந்தப் பலனும் குறைவு.

ஆண்டு முழுதும் மண் சூடாக இருக்கும் இடங்களில் எந்த மாதம் என்பதைவிட, நடவுக்கு முந்தைய இரண்டு மாதம் நிலம் எப்படிக் கிடந்தது என்பதே முக்கியம். முட்டையிலிருந்து வந்த இளம்புழுவுக்கு உடலில் சேர்ந்த கொழுப்பு மட்டுமே உணவு. சூடான, ஈரமான மண்ணில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். வேர் கிடைக்காவிட்டால் பட்டினிதான். ஆகவே தரிசு விடும்போது ஒரு தண்ணீர் கொடுத்து முட்டைகளைப் பொரிக்கவிட்டு, 10, 15 நாள் இடைவெளியில் வெயிலில் இரண்டு மூன்று உழவு ஓட்டுங்கள். களை மட்டும் முளைக்கக்கூடாது. மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் நின்றால் அது தரிசே அல்ல, புழுவுக்குப் போட்ட பந்தி. முந்தைய பயிர் வெண்டை, தக்காளி, வெள்ளரி என்றால் இந்த இடைவெளியைச் சுருக்காதீர்கள். தண்ணீர் கட்டிய நெல்லுக்குப் பிறகு நடுவது நல்ல வாய்ப்பு.

எல்லாம் சரியாகச் செய்தும் கெடுவது நாற்றங்காலில். 30, 35 நாள் நாற்று என்றால் சூடான மண்ணில் புழுவுக்கு ஒரு தலைமுறை முடிந்துவிட்டது என்று பொருள். அந்த நாற்றை எந்தத் தேதியில் நட்டாலும் பயனில்லை. சுத்தமான தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு நல்லது. பாத்திதான் என்றால் கடும் வெயில் காலத்தில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரம் மூடி, ஓரங்களை மண்ணில் புதையுங்கள். கறுப்புத் தாள் இந்த அளவு சூடேற்றாது. எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தாதீர்கள். அடியில் தப்பிய புழு மேலே வந்துவிடும்.

வேப்பம் பிண்ணாக்குக்கும் நேரம் உண்டு. ஏக்கருக்கு 100 கிலோவை நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஈரமண்ணில் கலந்துவிட வேண்டும். நடும் அன்று குழியில் கைநிறையப் போட்டால் மட்கும்போது இளவேர் கருகும். செண்டுமல்லியை ஊடே ஆங்காங்கே நடுவதில் பெரிய பலனில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே நெருக்கமாக நட்டு வளர்த்தால்தான் அதன் வேர் வேலை செய்யும்.

தேதியில் சந்தேகம் இருந்தால், வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 20 செ.மீ. ஆழம்வரை ஈரமண் எடுத்துக் கலந்து, தொட்டியில் போட்டுத் தக்காளி நாற்று நடுங்கள். சூடான இடத்தில் வைத்து, ஐந்து வாரத்தில் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரெல்லாம் முடிச்சு என்றால் நடவை ஒத்திவையுங்கள், அல்லது புழுவைத் தாங்கும் சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றுக்குப் போங்கள். ஒன்றிரண்டு முடிச்சு மட்டுமே என்றால் பிண்ணாக்குப் போட்டு நடலாம்.

அறுவடை முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு வேரை மண்ணில் விடுவது அடுத்த பட்டத்துக்குப் புழு சேமிப்பது. அந்த வாரமே வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே காயவைத்து எரியுங்கள்.