குடுவையைப் பார்த்து ‘டார்னாக்’ என்று சொல்ல முடியுமா?

இலைகளே பூச்சி பிடிக்கும் குடுவைகளாக அமைந்த வெள்ளைக் குடுவைச் செடியான சர்ரசீனியா லூக்கோஃபில்லாவை வளர்ப்பவர்களிடையே ‘டார்னாக்’ என்ற ரகத்திற்குத் தனி மதிப்பு உண்டு. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பால்ட்வின் கவுண்ட்டியின் சதுப்பு நிலத்தில் கோல்மன் டார்னாக் என்பவர் கண்டெடுத்த செடி அது. திசு வளர்ப்பு முறையில், அதாவது ஆய்வகத்தில் செடியின் சிறு திசுவிலிருந்து புதுச் செடிகளை உருவாக்கும் முறையில், பெருக்கப்படும் வரை அது எளிதில் கிடைக்காத செடியாகவே இருந்தது. இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி வரும் செடிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதாமா என்ற ஐயம் தீர்ந்தபாடில்லை. வட கரோலினாவில் என் வீட்டுப் பின்புறத்தில் இவ்வகைச் செடிகளைத் தொட்டிகளில் வளர்த்து வருவதால், நண்பர்கள் குடுவையின் படத்தை அனுப்பி, “இது டார்னாக்தானே?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. குடுவையின் படத்தைக் கொண்டு அதற்கு விடை சொல்ல யாராலும் இயலாது. உருவத்தைப் பார்த்து ஒரு செடியை “இல்லை” என்று ஒதுக்கலாமே தவிர, பெரும்பாலான ரகங்களில் “ஆம்” என்று உறுதி சொல்ல முடியாது என்பதே என் அனுபவம்.

‘டார்னாக்’கின் குடுவையைப் பாருங்கள். மேற்பகுதி வெண்மையாகவும், அதன் குறுக்கே பச்சையும் சிவப்புமான நரம்புகள் ஓடியும், மூடியின் ஓரம் சற்றே சுருண்டும் இருக்கும். பால்ட்வின் கவுண்ட்டியின் ஸ்பிளின்டர் ஹில் சதுப்பு நிலத்தில் வளரும் எத்தனையோ லூக்கோஃபில்லாக்களும் இப்படித்தான் இருக்கின்றன. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த இனத்தில் வசந்த காலக் குடுவைகளைவிடக் கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் எழும் குடுவைகளே உயரமாகவும், வெண்மை கூடியும் வரும். வெயில் குறைந்த இடத்தில் வைத்தால் அதே செடி பச்சை தட்டிப்போய், நரம்புகளின் சிவப்பும் மங்கிவிடும். ஒரே செடியை ஏப்ரலில் ஒரு படமும் செப்டம்பரில் ஒரு படமும் எடுத்து அருகருகே வைத்தால், இரண்டையும் வேறு வேறு ரகங்கள் என்று சாதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பூ விஷயம் வேறு. சாதாரண சர்ரசீனியாவின் பூ தலைகவிழ்ந்து தொங்கும். வெளியே ஐந்து புல்லி இதழ்கள், அவற்றுக்கு உள்ளே நீண்டு தொங்கும் ஐந்து அல்லி இதழ்கள், நடுவே கொத்தாக மகரந்தத்தாள்கள், அவை உதிர்க்கும் மகரந்தத்தை ஏந்திக்கொள்ளும்படி தலைகீழாக விரிந்த குடை வடிவச் சூல்தண்டு என்று அதன் அமைப்பு இருக்கும். அந்தக் குடையின் ஐந்து முனைகளின் உட்புறத்தில்தான் சூல்முடிகள் சிறு புள்ளிகளாக அமைந்திருக்கின்றன. ‘டார்னாக்’கின் பூவைக் கையால் நிமிர்த்திப் பார்த்தால் குடையும் இல்லை, மகரந்தமும் இல்லை. இனப்பெருக்க உறுப்புகள் இருக்க வேண்டிய இடம் முழுவதையும் அடுக்கடுக்கான சிவந்த இதழ்கள் நிறைத்துக்கொண்டிருக்கும். அடுக்குச் செவ்வந்தியைக் காம்பில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது போன்ற தோற்றம். மற்றச் செடிகளில் அல்லி இதழ்கள் ஓரிரு வாரங்களில் உதிர்ந்துவிட, இதன் இதழ்கள் நெடுநாள் அப்படியே நிலைத்திருக்கும். இந்த ரகத்திற்குப் பூவே சாட்சி சொல்லிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. மகரந்தமும் சூலகமும் இல்லாத பூ விதை தராது. மற்றொரு செடிக்கு மகரந்தம் கொடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே ‘டார்னாக்’ விதை என்று யாரேனும் விற்றால் விலையைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. “டார்னாக்கின் கலப்பினம்” என்ற அறிவிப்புக்கும் அதே மரியாதைதான். மட்டநிலத்தண்டைப் பிரித்து நடுவதும் திசு வளர்ப்பும் மட்டுமே வழி. சிரமம் எங்கே வருகிறது என்றால், குளிர்கால உறக்கத்தில், இலைகள் வெட்டப்பட்ட நிலையில், விரல் நீளத் தண்டாகச் செடி கைக்கு வரும்போதுதான். அப்போது பூவும் இல்லை, குடுவையும் இல்லை. சிறு துண்டாக இருந்தால் அது வளர்ந்து பூக்கச் சில ஆண்டுகள்கூட ஆகலாம்.

இத்தகைய பூ வாய்க்காத ரகங்களின் நிலைமை இன்னும் மோசம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் இயற்கையாக வளரும் செபலோட்டஸ் என்ற மற்றொரு குடுவைச் செடியில் ‘ஈடன் பிளாக்’ என்று ஒரு ரகம் உண்டு. கறுத்த குடுவைகளுக்குப் பெயர்போனது. ஆனால் நல்ல வெளிச்சத்தில் வைத்தால் சாதாரண செபலோட்டஸும் கருஞ்சிவப்பாகிவிடும். போதாததற்கு, ‘ஈடன் பிளாக்’கின் விதையில் முளைத்த செடிகளுக்கும் சிலர் அதே பெயரைச் சூட்டி விற்கிறார்கள். தாயைப் போலவே பிள்ளை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் விதைக்கு இல்லை.

பூச்சியுண்ணும் தாவரங்களின் ரகப் பெயர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு 1998 முதல் பன்னாட்டு ஊனுண்ணித் தாவரக் கழகத்திடம் இருக்கிறது. பதிவின்போது ரகத்தின் தனித்தன்மைகளை விவரித்து எழுத வேண்டும். விதையில்லா முறையிலேயே பெருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலான விவரிப்புகளில் இடம்பெறும். வாங்குபவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். விற்பவரின் படத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும். விவரிப்புக்கு முரணான ஓர் அடையாளம் தெரிந்தாலே அந்தச் செடியைத் தள்ளிவிடலாம். முரண் எதுவும் தெரியாவிட்டால், கேள்வி செடியிடமிருந்து மனிதர்களிடம் செல்கிறது: இந்தத் துண்டை நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள், அவருக்கு யார் கொடுத்தார், உங்களிடம் இது பூத்திருக்கிறதா? நேர்மையான வளர்ப்பாளர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களில் பலர் கேட்காமலேயே முழு வரலாற்றையும் சொல்லிவிடுவார்கள். டி.என்.ஏ. சோதனை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு செடிகள் ஒரே தாயின் துண்டுகளா என்பதை அதனால் சொல்ல முடியும். ஆனால் ஒப்பிடுவதற்கு ஐயமற்ற மூலச்செடி ஒன்று கையில் இருக்க வேண்டும், அது கிடைத்துவிட்டால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள்.

என் தொட்டிகளில், உறுதியாகாத செடியின் பெயர் அட்டையில் இனப்பெயரை மட்டும் எழுதி, கீழே “டார்னாக் என்று சொல்லி வந்தது, பூ பார்க்கவில்லை” என்று பென்சிலால் குறித்து வைக்கிறேன். மையைவிடப் பென்சில் எழுத்து வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்குகிறது. அந்தச் செடியிலிருந்து யாருக்கேனும் துண்டு பிரித்துக் கொடுத்தால், அதே வரியை மாற்றாமல் எழுதிக் கொடுக்கிறேன். சிலர் அதைப் பார்த்ததும் செடி வேண்டாம் என்று போய்விடுகிறார்கள்.