இல்ம் (மார்க்கக் கல்வி) தேடுவது எதற்காக, எதிலிருந்து தொடங்குவது

ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து தொழுதார். தொழுது முடித்து நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொன்ன நபியவர்கள், "திரும்பிப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை" என்றார்கள். அவரும் போய் முன்பு தொழுதது போலவே தொழுதுவிட்டு வந்தார். அதே பதில். இப்படி மூன்று முறை. பிறகுதான் அவர், "இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டார். ருகூஉவில் (குனிந்து நிற்கும் நிலையில்) உடல் அமைதி பெறும் வரை இருக்க வேண்டும், நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும், ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலையில்) உடல் அமைதி பெறும் வரை இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஸஹீஹ் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வரும் செய்தி இது.

அந்த மனிதரிடம் ஈடுபாட்டுக்குக் குறைவில்லை. சொன்னதும் மூன்று முறை திரும்பிப் போய்த் தொழுதவர் அவர். குறைவாக இருந்தது அறிவு மட்டும்தான். மார்க்கக் கல்வியின் முதல் நோக்கத்தை விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாம் செய்யும் அமல் (வணக்கச் செயல்), அல்லாஹ் கேட்டபடி அமைய வேண்டும். அதற்காகத்தான் கற்கிறோம்.

இன்றும் இதே இடத்தில்தான் தவறு நடக்கிறது. நெற்றி (மூக்கும் அதோடு சேர்த்தி), இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என ஏழு உறுப்புகள் தரையில் பட ஸஜ்தா செய்யும்படி கட்டளையிடப்பட்டதாக நபியவர்கள் கூறினார்கள். பல ஆண்டுகளாகத் தொழுபவர்கள்கூட, ஸஜ்தாவில் கால் விரல்களைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். மூக்கு படாமல் நெற்றியை மட்டும் வைப்பவர்களும் உண்டு. யாராவது ஒருமுறை எடுத்துச் சொல்லியிருந்தால் அன்றே சரியாகியிருக்கும்.

"கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை" என்ற ஹதீஸ் இப்னு மாஜா தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. அறிஞர்கள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு தனிநபர் மீதும் விழுவது ஃபர்ளு ஐன். சமூகத்தில் போதுமான பேர் செய்தால் மற்றவர்கள் மீதிருந்து நீங்கிவிடுவது ஃபர்ளு கிஃபாயா.

ஃபர்ளு ஐன் என்பது உங்கள் நிலைமையோடு சேர்ந்து மாறும். பருவமடைந்தவருக்கு ஈமானின் (இறைநம்பிக்கையின்) அடிப்படைகள், உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்), குளிப்பு, தொழுகை. ரமளான் வருமுன் நோன்பின் சட்டங்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் இஹ்ராம் (ஹஜ் உடை) அணியுமுன் அதன் சட்டங்களைப் படித்தாக வேண்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரிவராது. வியாபாரத்தில் இறங்குபவர் வட்டி எது, எதை எப்படி விற்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். மார்க்க விளக்கம் பெறாதவர் நமது சந்தையில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னது இதனால்தான்.

ஜகாத்தை (செல்வத்திலிருந்து கொடுக்க வேண்டிய கட்டாயப் பங்கை) எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கையில் இருந்தால் ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாப், தங்கத்துக்குப் பொதுவாக 85 கிராம் என்று கணக்கிடப்படுகிறது, கொடுக்க வேண்டியது 2.5 சதவீதம். இது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த ஓராண்டு என்பது ஹிஜ்ரி (சந்திர) ஆண்டு, சுமார் 354 நாட்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்குப் போடுபவர் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் பின்தங்குகிறார். 33 ஆண்டுகளில் முழுதாக ஒரு வருட ஜகாத் விடுபட்டுப்போகும். ஆங்கில ஆண்டுக் கணக்கை விட வழியில்லாதவர்கள் 2.5க்குப் பதிலாகச் சுமார் 2.58 சதவீதம் கொடுத்தால் அந்த வித்தியாசம் ஈடாகிவிடும். ஏழையின் உரிமை ஒன்று, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், தெரியாமையால் மட்டுமே பறிபோகிறது என்பது வேதனை தரும் விஷயம்.

இனி ஃபர்ளு கிஃபாயா. மருத்துவத்தையும் கணக்கையும் இதில் சேர்த்தார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). மருத்துவம் படிக்க ஆளில்லாமல் எல்லோரும் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) விவாதங்களுக்கே ஓடுகிறார்களே என்று அவர் குறைபட்டும் இருக்கிறார். யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபியவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள், அவர் அரை மாதத்தில் கற்று, கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் செய்தார். எனவே மக்களுக்குப் பயன்படும் துறையைச் சரியான நிய்யத்தோடு (எண்ணத்தோடு) படிப்பதும் நன்மைதான். ஆனால் இதைச் சாக்காக வைத்து, மருத்துவமோ பொறியியலோ படிப்பவர் தன் ஃபர்ளு ஐனைத் தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது. மற்றவர்களுக்காகக் கற்பது, தன் மீதுள்ள தொழுகைச் சட்டத்தை எப்படி நீக்கும்?

"சீனாவுக்குச் சென்றேனும் கல்வி தேடுங்கள்" என்பதை நபிமொழியாகப் பரப்புவதை இனியாவது விட்டுவிட வேண்டும். அது அடிப்படையற்றது என்றார் ஹதீஸ் அறிஞர் இப்னு ஹிப்பான். இன்னோர் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்தார். கல்வியின் சிறப்பைச் சொல்ல, "என் இறைவா, எனக்குக் கல்வியை அதிகப்படுத்து" என்று கேட்கச் சொல்லும் குர்ஆனின் 20:114 வசனம் இருக்கிறதே.

நிய்யத்தைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்படுபவர்களில் ஒருவர், கல்வி கற்று, கற்பித்து, குர்ஆன் ஓதியவர். "ஆலிம் (மார்க்க அறிஞர்) என்று சொல்லப்படவே கற்றாய், அப்படிச் சொல்லப்பட்டும் விட்டது" என்று அவரிடம் கூறப்படும் என்கிறது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ். அறிஞர்களோடு போட்டி போடவும், அறிவிலிகளோடு தர்க்கம் செய்யவும் கற்காதீர்கள் என்று இப்னு மாஜாவில் வருகிறது. நிய்யத் கெடுவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஒரு சட்டம் தெரிந்ததும் முதலில் நினைவுக்கு வருவது நம் தொழுகையா, பிறருடைய தவறா? கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாக்களில் (சட்டப் பிரச்சினைகளில்) இருக்கும் ஆர்வம், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஃபஜ்ர் (அதிகாலைத்) தொழுகையில் இருக்கிறதா? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்த்தால் போதும். நிய்யத் கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் படிப்பை விடக் கூடாது, நிய்யத்தைத் திருத்திக்கொண்டு தொடர வேண்டும்.

முறைக்கு வருவோம். நபித்தோழர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள இல்மையும் அமலையும் அறியாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள் என்று அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ அறிவிக்கிறார். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) சிறிய சட்ட நூல் ஒன்றை, ஓர் உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்), தூய்மை பாடத்திலிருந்து தொழுகைப் பாடம் முடியும் வரை விடாமல் ஓதுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், இன்று முதல் எதை மாற்றுவது என்று ஒரு வரி எழுதுங்கள். மாற்றுவதற்கு எதுவுமே இல்லையென்றால் பாடத்தை மறுபடி படியுங்கள்.

துண்டு வீடியோக்களில் மட்டும் கற்பதில் சிக்கல் என்னவென்றால், சட்டம் வந்துவிடும், நிபந்தனை வராது. உளூவில் கால் கழுவுவதற்குப் பதிலாகத் தோல் காலுறை மீது மஸஹ் செய்யலாம் (ஈரக் கையால் தடவலாம்) என்று கேட்டவர், உளூவோடு அணிந்திருக்க வேண்டும், ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு என்பதைக் கேட்டிருக்க மாட்டார். காலுறை அணிந்து மூன்றாம் நாளும் ஊரிலேயே மஸஹ் செய்துகொண்டிருப்பார்.

அரைகுறை அறிவோடு தீர்ப்புச் சொல்வது இன்னும் ஆபத்து. ஒரு பயணத்தில் தலையில் காயம்பட்டவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் (தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தூய்மை) செய்யச் சலுகை உண்டா என்று கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கிடையாது என்றார்கள் உடனிருந்தவர்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபியவர்கள் கடுமையாகக் கோபப்பட்டு, "அவரைக் கொன்றுவிட்டார்களே! தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா? அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே!" என்றார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32க்கு "தெரியாது" என்றார்கள் என அறிவிக்கப்படுகிறது. உங்களிடம் யாராவது கேட்டு உங்களுக்குத் தெரியவில்லையென்றால், அப்படியே சொல்லுங்கள். கேள்வியைக் கேட்டவரின் நிலைமையோடு சேர்த்து எழுதிக்கொண்டு, தகுதியுள்ள ஆலிமிடம் கேட்டு, அவர் சொன்னதை நிபந்தனைகளைக் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.