சியாங் மாயில் ஒரு பழைய பைக்கை என் பெயருக்கு மாற்றிய கதை

பைக்கை முதன்முதலில் பார்த்தபோது அதன் சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துக்குத் தெற்கே, லாங்கன் பழத் தோப்புகளுக்கு நடுவே ஒரு வீடு, அதன் பின்பக்கக் கொட்டகை. கோழியை விரட்டித் தூசியைத் தட்டினால் சிவப்பு நிறத்தில் ஹோண்டா சி.ஆர்.எஃப். 250 எல், 2013 மாடல். தாய்லாந்திலேயே தயாரான வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். மலைச்சாலை, மண்சாலை இரண்டுக்கும் தோது. விற்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அப்பா அம்மாவைவிட மூத்த ஆண்களை இங்கே 'லுங்' என்பார்கள், நம் பெரியப்பா மாதிரி. நானும் லுங் என்றே கூப்பிட்டேன். விலை 38,000 பாட். வண்டி ஓடி மூன்று வருடம் இருக்கும் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் முதலில் தேடியது வரி அட்டையை. தாய்லாந்தில் வண்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டினால் ஒரு சின்ன அட்டை தருவார்கள். சதுரமாகத்தான் இருக்கும், ஆனால் பழைய பழக்கத்தில் எல்லோரும் அதை 'வட்ட அட்டை' என்றே சொல்கிறார்கள். இந்த வண்டியின் அட்டையில் முடிவு தேதி மார்ச் 2564 என்று இருந்தது. பௌத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2021. நான் அதைப் படித்துக்கொண்டு நின்றது 2024 ஜனவரி முதல் வாரம்.

விரல் விட்டு எண்ணினேன். இரண்டு வருடம், பத்து மாதம். வரி மூன்று ஆண்டுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வண்டியின் பதிவே ரத்தாகிவிடும். நம்பர் பிளேட்டையும் பதிவுப் புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டு முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அதாவது எனக்கு இருந்தது இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. அதற்குள் வண்டி உயிர் பெற வேண்டும், சோதனையில் தேற வேண்டும், என் பெயருக்கு மாற வேண்டும்.

அடுத்த குண்டு பதிவுப் புத்தகத்தில் இருந்தது. நம் ஆர்.சி. புக் போன்றதுதான். கார்களுக்கு நீலம், பைக்குகளுக்குப் பச்சை அட்டை. ஆங்கிலத்தில் பேசுகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அதைப் பச்சைப் புத்தகம் என்றே சொல்வார்கள். புரட்டிப் பார்த்தால் உரிமையாளர் லுங் இல்லை, அவருடைய மகன். மகன் பாங்காக்கில் வேலை பார்க்கிறான், புத்தாண்டுக்கு வந்துவிட்டு இப்போதுதான் திரும்பிப் போனான்.

இந்த இடத்தில் பலர் வழுக்கி விழுவார்கள். 'ஓன் லோய்' என்று ஒரு வழக்கம் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மிதக்கும் மாற்றம்'. விற்பவர் கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், வாங்கியவர் தனக்குத் தோன்றியபோது போய்ப் பெயர் மாற்றலாம். அப்படி மூன்று கை மாறி வந்த வண்டியை வாங்கிய ஒரு நண்பருக்கு, முதல் உரிமையாளரின் அடையாள அட்டை காலாவதியாகி, ஆளும் எங்கே என்று தெரியாமல், இன்றுவரை அந்தப் பைக் இன்னொருவர் பெயரில் ஓடுகிறது. நான் லுங்கிடம் சொன்னேன்: பாதிப் பணம் இப்போது, மீதி மகனின் தாள்கள் கைக்கு வந்ததும். அவர் கோபப்படவில்லை. "சரிதான், நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றார். மகன் மாற்றுப் படிவம், அதிகாரம் அளிக்கும் கடிதம், அடையாள அட்டை நகல் மூன்றிலும் கையெழுத்திட்டு விரைவுத் தபாலில் அனுப்பினான். கையெழுத்து மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று லென்ஸ் வைக்காத குறையாகப் பார்த்தேன்.

வரி கட்டாத வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. ஒரு பிக்கப் வண்டி பிடித்து ஏற்றி, என் வீட்டருகே இருக்கும் தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப்பில் இறக்கினேன். மெக்கானிக்கை இங்கே 'ச்சாங்' என்பார்கள். கைவினைஞர் என்று பொருள். அதே ஒலியைச் சற்று உயரத்தில் பிடித்துச் சொன்னால் யானை. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓராண்டாக அந்த மனிதரை நான் யானை என்றே கூப்பிட்டிருக்கிறேன், அவரும் சிரித்துக்கொண்டே என் வண்டிகளைப் பார்த்திருக்கிறார்.

டேங்க் மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தை வைத்தே ச்சாங் உதட்டைப் பிதுக்கினார். இங்கே பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது கேசோஹால், அதாவது எத்தனால் கலந்த பெட்ரோல். 91, 95 இரண்டிலும் பத்தில் ஒரு பங்கு எத்தனால், ஈ20-இல் ஐந்தில் ஒரு பங்கு. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டியை மூன்று மழைக்காலம் நிறுத்தி வைத்தால், மேலே காலியாக இருக்கும் இடத்தின் ஈரம் முழுவதும் உள்ளே இறங்கிவிடும். ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்க் இரும்பு என்றால் துரு அங்கேதான் தொடங்கும். நாங்கள் வடித்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது, அடியில் செம்மண் மாதிரி ஒரு படிவு.

இது பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கும் வண்டி. கார்புரேட்டராக இருந்தால் கழற்றி, ஜெட்டை ஊதி, அரை மணியில் மாட்டிவிடலாம். இதில் பம்பு டேங்குக்குள் இருக்கிறது. அதைக் கழற்றி, சல்லடையைச் சுத்தம் செய்து, இன்ஜெக்டரைத் தனியாக எடுத்து மெஷினில் போட்டுக் கழுவ வேண்டியிருந்தது. முதலில் தெளித்தபோது ஒரு பக்கமாக ஒழுகியது, மூன்றாவது சுற்றில்தான் விசிறி மாதிரி விரிந்தது. டேங்குக்குள் ஒரு கைப்பிடி அளவு நட்டுகளையும் கொஞ்சம் டீசலையும் போட்டு, இருவரும் மாறி மாறி ஆட்டினோம். பார்த்தவர்கள் ஏதோ சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

பேட்டரி செத்தே போயிருந்தது. கிக்கர் கிடையாது என்பதால் புதிய பேட்டரி இல்லாமல் எதையும் சோதிக்க முடியாது. பிரேக் ஆயில் பழுப்பாகிவிட்டது, பின் பிரேக் காலிப்பரின் பிஸ்டன் இறுகிக் கிடந்தது. டயர்கள் மேலுக்கு நன்றாகத்தான் இருந்தன, கட்டைகூடத் தேயவில்லை. ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 2215 என்றது. 2015-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். ஏறக்குறைய ஒன்பது வயது ரப்பர் மலை வளைவில் எதைப் பிடிக்கும்? ஐ.ஆர்.சி. புதுசு இரண்டு போட்டேன். செயினில் பாதிக் கண்ணிகள் மடங்க மறுத்தன. அதை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை, ஸ்பிராக்கெட்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. அதை இரண்டு தடவை மாற்றினோம், முதலில் ஒன்று, இன்ஜின் சூடாகி ஓடிய பிறகு இன்னொன்று. பின் ஷாக்கைத் தாங்கும் இணைப்புகளின் போல்ட்டுகளைத் தட்டித்தான் எடுக்க முடிந்தது. பழைய மண்சாலை வண்டி வாங்குகிறவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. வெளியே தெரியாத இடம், கிரீஸ் காய்ந்து பேரிங் துருப்பிடித்த பிறகு கிறீச் சத்தம் வரும்போதுதான் தெரியும்.

இவ்வளவும் செய்து ஸ்டார்ட் போட்டால், பிடித்தது, இரண்டு நிமிடத்தில் திணறி நின்றது. மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. மின்சாரமா, பெட்ரோலா என்று ஒரு மதியம் முழுக்கப் போனது. கடைசியில் ஏர்பாக்ஸைத் திறந்தார் ச்சாங். காற்று நுழையும் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. நல்ல கெட்டியான மண் கூடு. அதை எடுத்தபின் வண்டி தடதடவென்று சீராக நின்று ஓடியது. இன்ஜெக்டருக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக் கொஞ்சம் வலித்தது. ஆனால் அதையும் செய்யாமல் விட்டிருக்க முடியாது.

சைலன்சர் ஒன்றுதான் மிச்சம். மகன் தன் கல்லூரிக் காலத்தில் ஒரு சத்தக் குழாயை மாட்டியிருந்தான். பைக்குக்கு இங்கே உச்சவரம்பு 95 டெசிபல், இது தோப்பில் இருக்கும் பறவைகளை எழுப்பும். ஒரிஜினல் இருக்கிறதா என்று லுங்குக்கு போன் போட்டேன். கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை உருவி எடுத்துக் கொடுத்தார்.

தாள் வேலையில் என் பங்கு பாஸ்போர்ட் நகலும் இமிக்ரேஷனில் வாங்க வேண்டிய வசிப்பிடச் சான்றும். அந்தச் சான்றுக்கு, வீட்டுக்காரர் என்னைத் தங்க வைத்திருப்பதாகத் தெரிவித்த டி.எம்.30 ரசீது வேண்டும். அது இல்லாமல் போய் நின்று திரும்பி வருகிறவர்களே அங்கே பாதிப் பேர். இரண்டு போட்டோவையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

ஐந்து வருடத்தைத் தாண்டிய பைக்குகள் வரி கட்டும் முன் சோதனைக்குப் போக வேண்டும். வழக்கமாக அதைத் தனியார் சோதனை நிலையங்களில் 60 பாட் கொடுத்து முடித்துவிடலாம். வரி ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி என்றால் அந்த வழி அடைபடும், நிலப் போக்குவரத்து அலுவலகத்துக்கே வண்டியைக் கொண்டுபோக வேண்டும். ஊர்ப் பேச்சில் அதன் பெயர் 'கொன்சொங்'. பிப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டாயக் காப்பீட்டை முதலில் எடுத்துவிட்டு (150 சி.சி.க்கு மேல் 645 பாட் சொச்சம்), மறுபடி அதே பிக்கப்பில் ஏற்றிக் காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தேன். லுங்கும் கூட வந்தார். மகன் கொடுத்த அதிகாரம் அவர் பெயரில்தானே.

விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் சரி. அடுத்து எண்கள். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் ஒரு ஒட்டுத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார் அதிகாரி. சுலபமாக வந்தது. இன்ஜின் எண்ணுக்குக் குனிந்தவர் நிமிரவே இல்லை. டார்ச் அடித்தார். விரலால் தடவினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மகன் அழகுக்காக இன்ஜின் முழுக்கக் கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தான், வெட்டிய எழுத்துகளுக்குள் பெயின்ட் நிரம்பி, ஏழு எங்கே ஒன்று எங்கே என்று தெரியவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது உப்புத்தாள். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தேன். "தேய்க்காதே!" என்று அதிகாரி குரலை உயர்த்தினார். எண்ணைச் சுற்றி உலோகத்தில் கீறல் விழுந்தால் எண்ணை மாற்றியதாகச் சந்தேகம் வரும், அப்புறம் அது வேறு விசாரணை. எதிர்ச் சந்தில் ஒரு பெயின்ட் கடை. தின்னர் ஒரு சின்ன பாட்டில், பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று. வாகன நிறுத்தத்தில் மண்டியிட்டு முக்கால் மணி நேரம், ஊற்றித் துடைத்து ஊற்றித் துடைத்து, பெயின்டை மட்டும் எடுத்தேன். லுங் என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வப்போது மகனை வடதாய்லாந்துப் பேச்சில் திட்டிக்கொண்டு. இரண்டாவது முறை அச்சு எடுத்தபோது எல்லா இலக்கமும் வந்தது.

உள்ளே போனபின் நடந்ததில் சொல்ல அதிகமில்லை. டோக்கன், வரிசை, கையெழுத்து. பைக்குக்கு ஆண்டு வரி 100 பாட், மூன்று ஆண்டு பாக்கி. அபராதம் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாம் சேர்த்து 70 பாட் சொச்சம். இதற்காகவா இவ்வளவு பயந்தேன் என்று இருந்தது. முடிவு தேதிக்கு 90 நாள் முன்பே அடுத்த ஆண்டுக்கும் கட்டலாம் என்பதால் அதையும் கட்டிவிட்டேன். பெயர் மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை வண்டி மதிப்பில் ஆயிரத்துக்கு ஐந்து. பதினொன்றரைக்குப் பச்சைப் புத்தகம் என் பெயரோடு கையில் இருந்தது. பிக்கப்காரரை வெறுமனே அனுப்பிவிட்டு, லுங்கைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் வீடு வரைக்கும் ஓட்டினேன். மீதிப் பணத்தைக் கொடுத்ததும் ஒரு பை நிறைய முட்டை கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சமோங் சுற்று. மே ரிம் வழியாக 1096-ஆம் எண் சாலையில் ஏறி, சமோங் தொட்டு, 1269-இல் இறங்கி ஹாங் டாங் வந்து சேரும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஊரில் ஓட்டியவர்களுக்கு இடப்பக்கப் போக்குவரத்து பழகியதுதான். சாலையில் ஒடித்துப் போட்ட மரக்கிளையைப் பார்த்ததும் வளைவுக்கு அப்பால் லாரி பழுதாகி நிற்கிறது என்று புரிந்துகொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நம் பக்கமும் அதே பாஷைதான். புதிதாகக் கற்க வேண்டியது பிப்ரவரியின் தேக்குச் சருகு. அப்பளம் மாதிரி காய்ந்து வளைவுகளில் குவிந்து கிடக்கும், அதன் மேல் பிரேக் பிடித்தால் டயருக்கும் தாருக்கும் சம்பந்தமே இருக்காது. இறக்கங்களில் இரண்டாவது கியரிலேயே விட்டு இன்ஜினைத் தாங்க விட்டேன். ஒரு இடத்தில் பின்சக்கரம் லேசாக நழுவிப் பிடித்தது. புது டயருக்குக் கொடுத்த பணம் அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

மார்ச்சில் வயல்களும் காடும் எரியத் தொடங்கி, எதிர் மலை தெரியாத அளவுக்குப் புகை சூழ்ந்துகொண்டது. அந்த மாதங்களில் நான் ஓட்டுவதில்லை. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, பேட்டரியின் ஒயரைக் கழற்றி, வண்டியை மூடி வைத்தேன்.

போன ஆண்டு வரி கட்ட வெறும் சோதனை நிலையம்தான், கால் மணி நேரம், அறுபது பாட். ஏர்பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். குளவி அங்கே இல்லை. ஆணியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டுக்குள் அஸ்திவாரம் போட்டிருந்தது.