கதவைத் திறந்தவன் இறங்கவில்லை

எங்கள் நாய் வீமன் போன வெள்ளிக்கிழமை செத்துப்போனான். களுதாவளையில், மட்டக்களப்பு – கல்முனை மெயின் ரோட்டில், இரவு ஏழரை மணியிருக்கும். அடித்தது ஒரு வெள்ளை வான். இலக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

எழுவான்கரை ஊர்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவால் இந்த ரோடு. வீடு ஒரு பக்கம் என்றால் தோட்டமோ கோயிலோ பள்ளிக்கூடமோ மற்றப் பக்கம் இருக்கும். ரோட்டைக் கடக்காமல் இங்கே ஒருவருக்கும் ஒரு பொழுது போகாது. குன்றும் குழியுமாகக் கிடந்த காலத்தில் வாகனங்கள் உருண்டுதான் போகும். கார்ப்பெட் போட்ட பிறகு, அதுவும் இருட்டினால், வருகிற வேகத்தைப் பார்க்கவே நெஞ்சு பதறும்.

வீமன் எங்களிடம் வந்தது ஒரு ஆனி மாதத்தில். கதிர்காமத்துக்கு நடந்து போகிற சாமிமாரோடு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த குட்டி. அவர்கள் விடிய வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள், இவனால் நடக்க ஏலவில்லை. உள்ளங்கால் தோல் உரிந்து கிடந்தவனை அப்பா சாரத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்துக்கு வருடம் தவறாமல் போகிற மனிசன் அவர். 18 நாளும் பாரதக் கதையோடு நடக்கிற சடங்கு அது. போட்ட சோறு முழுவதையும் குட்டி தின்று முடித்ததும் “இவன் வீமன்தான்” என்று பெயர் வைத்துவிட்டார்.

அதன்பிறகு அப்பாவின் நிழல் அவன்தான். காலமை அப்பா வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனால் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவான். மெயின் ரோட்டுக்கு வந்ததும் அப்பா இறங்கி நிற்பார், அவனும் நிற்பான். “வா” என்று சொன்னால்தான் கடப்பான். தோட்டத்தில் கிடுகு வேலியோரம் ஈர மணலைத் தோண்டி அதற்குள் படுத்திருப்பான். கொடியில் கால் வைத்ததே இல்லை. என் கணவர் கட்டாரில். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நானும் மகனும் அப்பாவும்தான். இரவில் படலையடியில் வீமன் படுத்திருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் கண்ணயர்ந்திருக்கிறேன். “நாய்தானே” என்று சொல்கிறவர்களுக்கு இது விளங்குமோ தெரியவில்லை.

அன்றைக்கு அப்பா வெற்றிலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு நேரம் பிந்தித் திரும்பி வந்தார். அப்பா நின்றார். வீமனும் ஒழுங்கை முகப்பில், ரோட்டின் ஓரத்தில்தான் நின்றிருக்கிறான். ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வான் ஓரத்துக்கே இறங்கி அவனை அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. அப்பாவின் கால் தப்பியது மயிரிழையில். சைக்கிளோடு வேலிக்குள் விழுந்தவருக்குக் கொஞ்ச நேரம் எழும்ப முடியவில்லை.

தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னதுதான் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. வான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றதாம். பிரேக் லைட் எரிந்ததாம். சாரதிப் பக்கத்துக் கதவு திறந்து ஒருவன் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தானாம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். விழுந்து கிடந்த கிழவரையும் அவன் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பின்னால் வந்த வாகனங்கள் வெட்டி விலகிப் போயின. நின்றது ஒருவர். கல்லாற்றுப் பக்கம் துணி விற்றுவிட்டுக் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மோட்டார் சைக்கிளை லைட்டோடு ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டு முதலில் அப்பாவைத் தூக்கி இருத்தினார். பிறகு கடையில் ஒரு உரப்பையை வாங்கி, வீமனுக்குப் பக்கத்தில் விரித்து, முதுகு வளையாமல் மெல்ல இழுத்து அதில் ஏற்றினாராம். அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று மிருக வைத்தியர் பிறகு சொன்னார்: அடிபட்ட நாயைக் காலில் பிடித்துத் தூக்கக்கூடாது, பலகையிலோ தடித்த துணியிலோ கிடத்த வேண்டும், நோவில் வளர்த்தவரையே கடிக்கும், மூச்சு முட்டாமல் வாயைத் துணியால் கட்டலாம். முரசு, அதாவது பல் ஈறு, வெளிறியிருந்தால் உள்ளே இரத்தம் போகிறது என்று பயப்பட வேண்டுமாம். வீமனுக்கு முரசு வெள்ளையாகத்தான் இருந்தது.

கடைப் பொடியன் ஓடிவந்து சொல்லி நான் போய்ச் சேரும்போது மூச்சு அடங்கிவிட்டது. “இப்பதான் புள்ள, தூக்கேக்குள்ள சீவன் இருந்த” என்றார் காக்கா. அவருடைய கையிலும் சட்டையிலும் இரத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து தந்துவிட்டு, கிணற்றடியில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணும் கேட்டார். நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. அது அவர்களுடைய மார்க்கம். நான் வாளியால் ஊற்ற ஊற்ற, பொறுமையாகக் கழுவினார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னோம், வீட்டில் தேடுவார்கள் என்று போய்விட்டார். அந்த மனிசனுக்கு அல்லா நல்ல வழி காட்ட வேண்டும்.

வீமனைத் தென்னையடியில் கல்லுப்புப் போட்டு ஆழமாகத் தாட்டோம். அப்பா விழுந்ததற்காகப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இலக்கம் இல்லாமல் பிடிப்பது கஷ்டம் என்றார்கள். மிருகங்களை வதைப்பதற்கு எதிரான சட்டம் 1907இல் எழுதியது. அதில் அன்றைக்கு வைத்த தண்டப்பணம் 100 ரூபாய். எனக்கு அவனுடைய காசு வேண்டாம்.

அவன் இறங்கியிருந்தால் வீமன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அடி அப்படி. ஆனால் கடைக்குள் ஒரு குரல் கொடுத்திருந்தால், யாருடைய நாய் என்று கேட்டிருந்தால், எங்கள் வீடு ஒழுங்கைக்குள் மூன்றாவது வளவு. நான் ஓடிவந்திருப்பேன். மகனும் வந்திருப்பான். எங்களுடைய குரலைக் கேட்டுக்கொண்டாவது வீமன் போயிருப்பான்.