அன்னங்களுக்குப் பெயர் வைத்த மனிதர்

எங்கள் காலத்தில் உயர்தரத்துக்கு விலங்கியல் எடுத்தவன் டொக்டராக வந்தே ஆகவேண்டும், வராவிட்டால் ஊரே கவலைப்படும். கரப்பானையும் தேரையையும் வெட்டிப் படம் கீறினோமே தவிர, சைக்கிளில் போகிற தூரத்தில் கடனீரேரியில் வந்திறங்கும் பூநாரைகளைப் பார்ப்பதே ஒரு தொழிலாக இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சேர்மாரைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குச் சிலபஸ் முடிக்கவேண்டுமே.

இங்கிலாந்தின் குளோஸ்டருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் பக்கத்து ஸ்லிம்பிரிட்ஜில் பீற்றர் ஸ்கொட்டைப் பற்றி அறிந்தேன். தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் இறந்த கப்டன் ஸ்கொட்டின் மகன். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கி, அதை விட்டுவிட்டுக் கலை வரலாற்றில் பட்டம் எடுத்தவர் (எங்கள் வீடுகளில் என்றால் அம்மா சாப்பாட்டையே விட்டிருப்பார்). இளமையில் துவக்கோடு சேற்றில் படுத்துக் கிடந்து வாத்து சுட்ட ஆள். பிறகு சுடுவதை விட்டார், ஆனால் அந்தக் கூர்ந்த பார்வை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. 1946இல் செவேர்ன் ஆற்றோரச் சதுப்பில் நீர்ப்பறவைகளுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

ஹவாயின் நேனே வாத்து அப்போது உலகத்திலேயே முப்பது சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. 1950இல் ஒரு சோடி என்று நம்பி இரண்டை ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள், பார்த்தால் இரண்டுமே முட்டையிட்டன! அப்புறம் அவசரமாக ஓர் ஆணை விமானத்தில் வரவழைத்து, பெருக்கி, 1962இல் மவுயி தீவில் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

எனக்குப் பிடித்தது 1964இன் கதை. ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பியூவிக் அன்னங்களை வீட்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒவ்வொன்றின் சொண்டிலும் மஞ்சளும் கறுப்பும் வேறு வேறு மாதிரி இருப்பதைக் கண்டு, முகம் முகமாகக் கீறிப் பெயரும் வைத்தார். அடுத்த வருடம் யார் திரும்பி வந்தது, யார் யாரோடு சோடி என்பதெல்லாம் காலில் வளையம் போடாமலே தெரிந்தது. அந்தப் பதிவு இன்றும் நடக்கிறது. நானும் முயன்று பார்த்தேன், எனக்கு எல்லாம் ஒரே அன்னமாகத்தான் தெரிகிறது.

ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971இன் ராம்சார் சர்வதேச உடன்படிக்கைக்கு உழைத்தவர்களில் ஸ்லிம்பிரிட்ஜ் ஆட்களும் உண்டு. அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் 2010இல் எங்கள் மன்னார் வங்காலையும் சேர்ந்தது, இதை எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: வருடா வருடம் பார்க்கில் கொத்துரொட்டி போடுவதை ஒருமுறை ஸ்லிம்பிரிட்ஜுக்கு மாற்றுங்கள். அன்னம் பார்க்கவேண்டுமென்றால் தையில் வரவேண்டும், ஜக்கெட் தடிப்பாக இருக்கட்டும்.