தலை சி.டி. எடுக்கும்போது கண்வில்லை கதிரில் விழாமலிருக்க

மூளைக்கான வழக்கமான சி.டி.யில் கண் படத்தில் வர வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் பல படங்களில் கீழ் ஸ்லைஸ்களில் இரண்டு கண்வில்லைகளும் பளிச்சென்று தெரிகின்றன. அப்படித் தெரிந்தால் நேர்க்கதிர் அவற்றில் பாய்ந்திருக்கிறது. ஒரு தடவைக்கு சுமார் 50 மில்லிகிரே (உடல் உறிஞ்சும் கதிரின் அளவு, அதாவது டோஸ்). ஸ்கேன் எல்லைக்கு வெளியே கண் இருந்தால் சிதறல் கதிர் மட்டுமே எட்டும், அது இதில் சிறு பங்குதான்.

கண்புரைக்கான எல்லை அளவை ஐ.சி.ஆர்.பி. (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) 2011-ல் 500 மில்லிகிரே என்று குறைத்தது. ஒரே ஸ்கேனில் அதைத் தொட மாட்டோம். ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தை, மூளைக்குள் ரத்தம் கசிந்து அடிக்கடி ஸ்கேனுக்கு வருபவர் போன்றவர்களுக்குத்தான் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

பக்கவாட்டு ஸ்கவுட்டில் (ஸ்கேனுக்கு முன் எடுக்கும் வழிகாட்டிப் படம்) கண்குழியின் மேல்விளிம்பிலிருந்து காதுத்துளைக்கு ஒரு கோடு பாருங்கள். கேன்ட்ரியை (கதிர்க்குழாய் சுற்றும் வளையம்) அந்தக் கோட்டுக்கு இணையாகச் சாய்த்து, மண்டையோட்டு அடித்துளையில் தொடங்கி உச்சிவரை எடுத்தால் போதும். சாய்வு போதாவிட்டால், சிறுமூளையை விடாமல் பிடிக்கக் கீழே இறங்குவோம், கண்ணும் கூடவே விழும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. சாயாத கேன்ட்ரி என்றால் தலைக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் வைத்து முகவாயை மார்பை நோக்கி இறக்கலாம். கழுத்தில் அடிபட்டவருக்கு, காலர் போட்டவருக்கு இதைச் செய்யவே கூடாது. அங்கே கண்ணைவிடத் தண்டுவடம் முக்கியம்.

ஹெலிகலில், அதாவது மேசை நகர நகரக் குழாய் நிற்காமல் சுற்றி எடுக்கும் முறையில், இன்னொரு சிக்கல். படம் கட்டுவதற்காக இரு முனையிலும் குறித்த எல்லைக்கு வெளியேயும் மெஷின் சுற்றும். கண் படத்தில் இருக்காது, ஆனால் கதிர் வாங்கியிருக்கும். டிடெக்டர் அகலமாக இருந்தால் இந்த மிச்சமும் பொதுவாகக் கூடும். அசையாமல் படுக்கக்கூடியவருக்குச் சாய்த்து எடுக்கும் ஆக்ஸியலே (மேசையை நிறுத்தி நிறுத்தி எடுக்கும் முறை) எங்கள் தேர்வு.

பிஸ்மத் என்ற உலோகம் கலந்த கண்கவசத்தை முதல் வழியாக நாங்கள் சொல்வதில்லை. கவசத்தை வைத்துவிட்டு ஸ்கவுட் எடுத்தால், ஆட்டோ எம்.ஏ. (குழாய்க் கரன்ட்டைத் தானே மாற்றும் வசதி) அதைத் தடிமன் என்று நினைத்துக் கரன்ட்டை ஏற்றிவிடும். காக்க வந்ததே டோஸைக் கூட்டும். கண்ணோடு ஒட்டி வைத்தால் முன்மூளையில் கோடுகள் விழும். வைத்தே தீர வேண்டுமென்றால் ஸ்கவுட்டுக்குப் பிறகு, அடியில் ஒரு சென்டிமீட்டர் நுரை கொடுத்து வையுங்கள். குழாய் முகத்துக்கு முன்னால் வரும்போது கரன்ட்டைக் குறைக்கும் வசதி மெஷினில் இருந்தால் அதைப் போடுவது மேல்.

தைராய்டு தலை ஸ்கேனில் நேர்க்கதிருக்கு வெளியேதான் இருக்கும். "கழுத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்" என்று தேவையில்லாமல் எழுதும்போதுதான் உள்ளே வருகிறது. குழந்தைகளுக்குத் தனி புரோட்டோகால் (ஸ்கேன் அமைப்பு) கட்டாயம்.

பெர்ஃப்யூஷனில் (மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சி.டி.) ஒரே இடம் திரும்பத் திரும்பக் கதிர் வாங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் 206 பேருக்கு, அதிகபட்சம் 0.5 கிரே இருக்க வேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிரே போனது 2009-ல் வெளியே வந்தது. முடி கொட்டியது துப்புக் கொடுத்தது. கன்சோலில் சி.டி.டி.ஐ. எண் (ஸ்கேனின் டோஸைக் காட்டும் அளவு) எக்ஸ்போஷருக்கு முன்பே தெரியும். வழக்கமான பெரியவர் தலைக்கு அது 75 மில்லிகிரேயைத் தாண்டினால் பட்டனை அழுத்தாமல் கே.வி. (குழாய் மின்னழுத்தம்), எம்.ஏ.எஸ். (கரன்ட்டும் நேரமும்), பிட்ச் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் விகிதம்) மூன்றையும் திரும்பப் பாருங்கள்.