பாட்டுக்கு முன்னால் ஓர் இரைச்சல்

ஒலியைப் பெருக்கித் தரும் புது ஆம்ப்பில் இயர்போனைச் செருகினேன். பாட்டு இன்னும் ஓடவே இல்லை, அதற்குள் காதில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லிய இரைச்சல்.

எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை மாற்றும் கெயின் சுவிட்சை ‘லோ’வுக்குத் தள்ளினேன். பெருமளவு அடங்கியது. வால்யூம் குமிழையும் இப்போது கொஞ்சம் தாராளமாகத் திருக முடிகிறது.

காதுக்குள் செருகும் இயர்போனுக்குப் பெரிய பவர் தேவையில்லை. ஒரு மில்லிவாட்டிலேயே 100 டெசிபலைத் தாண்டுபவை நிறைய.

பார்க்க வேண்டியது ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதன் வெளியீட்டுப் பக்கத்தில் மின்னோட்டத்துக்கு உள்ள தடை; ஓம் கணக்கில் சொல்வார்கள். இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. 16 ஓம் இயர்போன் என்றால் 2 ஓமுக்குள்.

அதைத் தாண்டினால், பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (காந்தங்களுக்கு நடுவே அதிரும் சிறு உலோக நாக்கு) வகைகள் பலவற்றில் பாடகரின் குரலே வேறு மாதிரி ஆகிவிடும். அவற்றின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவதுதான் காரணம். சின்ன ஸ்பீக்கர் போலச் சுருளும் சவ்வும் கொண்ட ஒற்றை டைனமிக் டிரைவர் இவ்வளவு படுத்தாது.

வாட் கணக்கைப் பெட்டி மேல் பெரிதாக அச்சடிக்கிறார்கள். இந்த ஓம் கணக்கையும் பக்கத்திலேயே போடலாமே!